இருமல் மிட்டாய்

ஒவ்வொன்றும் நாற்பத்தொரு கிலோ.
லிஃப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை.
அபுதாகிரும் அவன் மச்சானும்
மூன்று மாடி தூக்கி வந்து
வாசலில் நிறுத்தி மூச்சு வாங்கினார்கள்.
"உள்ள என்ன சார், கருங்கல்லா?"
ஒன்றுமில்லை என்றேன்.
பொய்யில்லை. முக்கால்வாசி காற்றுதான்.

விலையை வசுமதியிடம் மூன்று தவணையில் சொன்னேன்.
மூன்றாவது தவணை இன்னும் பாக்கி.

பெரம்பூரில், ரயில் பாதைக்கு
இருநூறடி தள்ளியிருக்கும் வீட்டில்
இதை வைத்துக்கொண்டு என்ன கேட்பீர்கள்
என்று கேட்காதவர்கள் இல்லை.
கடைசி லோக்கல் போன பிறகு கேட்பேன்.
கீழ்வீட்டு செராஃபினுக்கு
ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி விழுகிற வாரங்களில்
கொஞ்சம் கூட்டி வைத்துக் கேட்பேன்.

பகலில் நான் விபத்துக் கார்களுக்கு
நஷ்டம் கணக்கிடுகிறவன்.
எந்த நசுங்கல் நேற்றையது,
எது போன வருஷத்தது,
கண்ணை மூடி விரலால் தடவிச் சொல்வேன்.
அதே விரல்களால் டேப்பைப் பிடித்து அளந்தேன்:
ஒன்றுக்கொன்று ஏழரை அடி,
என் நாற்காலிக்கும் ஏழரை அடி.
ஆணிக்கால்கள் டைல்ஸைக் குத்தாமலிருக்க
எட்டு ஒற்றை ரூபாய் நாணயங்கள்.
("இதோட செலவு முடிஞ்சுதா?")
சுண்டுவிரல் அகலம் உள்பக்கம் திருப்பி,
சுவரிலிருந்து இழுத்து,
மறுபடி தள்ளி,
டிவியைப் படுக்கையறைக்கு நாடு கடத்தி,

ஒரு ராத்திரி
இரண்டும் காணாமல் போயின.

மார்பளவு உயரத்தில், கறுப்பாய்,
நின்ற இடத்தில்தான் நின்றன.
ஆனால் பாட்டு அவற்றிலிருந்து வரவில்லை.
காலண்டர் தொங்கும் இடத்தில்
பாடகர் உட்கார்ந்திருந்தார்.
எடுப்பதற்கு முன் மூக்கால் இழுத்த காற்று கேட்டது.
ஜன்னலோரம் வயலின்.
செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே மிருதங்கம்,
தொப்பியில் அப்பிய ரவை
இன்னும் ஈரமாயிருப்பது வரைக்கும்.

பதினாறு வருடத்துக்கு முந்தைய மார்கழிக் கச்சேரி.
அந்த அரங்கில் நானும் இருந்தேன்.
சிடி வந்த அன்றே வாங்கினேன்.
காரில், கம்ப்யூட்டரில், காதுக்குள் செருகி
நூறு முறை கேட்டிருப்பேன்.
அனுபல்லவிக்கு முன்னால்
அந்தச் சின்ன இடைவெளியில்
ஒரு இருமல் இருந்ததே இல்லை.

இப்போது இருந்தது.
இடப்பக்கம், பீரோவுக்குக் கொஞ்சம் பின்னால்.
கொக்கி போட்ட மாதிரி இரண்டு,
அப்புறம் அடக்கி விழுங்கிய ஒன்று.
என் இருமல்.

ஒன்பது லட்சம் கொடுத்து
என் பழைய சளியை
மீட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதையடுத்து, தம்புராவுக்கு அடியில்,
சரசரவென்று ஒரு தாள்.
யாரோ மிட்டாய் பிரிக்கும் சத்தம்.
இருமல் நின்றுவிடுகிறது.

வசுமதியை எழுப்பினேன்.
"வந்து கேளு. நீ குடுத்த மிட்டாய்."
ஒற்றைக் கண்ணைத் திறந்தபடி வந்து
அந்த நாற்காலியில் முதல் தடவையாக உட்கார்ந்தாள்.
கேட்டாள்.
"இன்னொரு தடவ போடுங்க."
போட்டேன்.
"இருமல் நீங்கதான்.
மிட்டாய் நான் இல்ல.
அந்த வருஷம் கடவாய்ப்பல் புடுங்கி
கன்னம் வீங்கி வீட்ல கெடந்தேன்.
சபா பக்கமே வரல."

தூங்கப் போய்விட்டாள்.

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது:
அவளுடைய மாம்பழ நிறப் புடவை,
கைப்பை திறந்தது, நீட்டிய உள்ளங்கை.
எல்லாம் பிற்பாடு நானே தட்டி எடுத்து
பட்டி பார்த்து பெயின்ட் அடித்தது.
இத்தனை வருஷத்தில்
என் விரலுக்கே தட்டுப்படவில்லை.

யாரோ ஒருவர், அப்படியானால்.
பக்கத்து இருக்கை.
ஆணா பெண்ணா, வயசென்ன,
இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறாரா,
தெரியாது.
திரும்பி ஒரு தலையசைப்பாவது கொடுத்தேனா
என்பது பதிவாகவில்லை.

நேற்றும் கேட்டேன்.
அந்தத் தாள்
பாதி பிரிந்ததும் நின்றுவிடுகிறது.
பாடகர் மூச்சு வாங்கும் இடம் அது.
அடுத்த சங்கதி மேலெழும்பும் வரை பொறுத்திருந்து,
அதன் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு,
மெதுவாக,
மீதியைப் பிரிக்கிறது.